லோலெங் அத்தை சொன்னபடி

மழைக்காலம் முடிந்ததும் எங்கள் தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்க ஆள் வருகிறார்கள். ஆலோசனை சொல்கிறவர்களுக்குப் புகை அடிக்க இதுவரை யாரும் வந்ததில்லை. அதனால்தான் அந்த இனம் இப்படிப் பெருகிக் கிடக்கிறது.

இதில் சில்லறை வியாபாரிகளை உங்களுக்கே தெரியும். நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அந்தப் பழத்தைத் தானே உரித்துத் தின்றபடி, 'இந்த மருந்தை நிறுத்திடுங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறவர். சவ ஊர்வலத்தில் நடந்து வந்துகொண்டே எந்தச் சந்தில் திரும்பினால் கல்லறைக்குச் சீக்கிரம் போகலாம் என்று வழி சொல்கிறவர். பக்கத்து வீட்டுக்காரன் கூரை மாற்றும்போது கீழே நின்று, இடுப்பில் கைவைத்து, ஆணியை எங்கே அடிக்கவேண்டும் என்று அண்ணாந்து கத்துகிறவர். இவர்களால் பெரிய கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்தது மொத்த வியாபாரியைப் பற்றி. டிவிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு நாட்டுக்கே புருஷன் பெண்டாட்டி விவகாரம் பைசல் செய்கிற ஜீவனைப் பற்றி.

எங்களுடைய ஜீவனுக்குப் பெயர் டொலோரெஸ் காபுயாவ். ஊருக்கெல்லாம் லோலெங் அத்தை. வயது ஐம்பத்தெட்டு, டிவியில் மட்டும் அது நாற்பத்தொன்பதோடு நின்றுவிட்டது. 'அத்தையிடம் சொல்' என்பது நிகழ்ச்சியின் பெயர். திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் சாப்பிட்ட சோறு கண்ணைச் செருகும் நேரத்தில் வரும்.

நான் யார் என்கிறீர்களா? ஹெர்மி. அத்தைக்கு வருகிற கடிதங்களைப் பிரிக்கிறவன். பதினெட்டு வருஷமாக ஜனங்களின் கண்ணீரைக் கத்தரிக்கோல் வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எது டிவிக்கு, எது குப்பைக்கு என்று தீர்மானிக்கிறவன் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இதற்காக நான் வெட்கப்படவேண்டி வரும்.

நிகழ்ச்சி எப்படி நடக்கும் தெரியுமா? ரோஸ் நிற சோபா. எதிரே கண்ணாடி மேஜை. அதன்மேல் கண்ணீர் துடைக்கும் காகிதப் பெட்டி, அந்தப் பெட்டிக்கும் சரிகை வைத்த ஒரு சட்டை. அழ வந்தவர் வாயைத் திறந்ததும் அத்தையின் தலை இடது பக்கம் சாயும். வலது பக்கம் ஒருநாளும் சாயாது. அங்கே மூன்றாவது கேமரா இருக்கிறது, அது தாடையைக் காட்டிக் கொடுத்துவிடும். நாலு விநாடி கழித்து வலது கை நெஞ்சுக்கு வரும். 'ஐயோ கடவுளே' என்று ஒரு பெருமூச்சு. அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம்: "நான் உன் அம்மா ஸ்தானத்துல இருந்து சொல்றேன்." ஒருமுறை அறுபத்திரண்டு வயதுக் கொத்தனார் ஒருவரிடமும் இதையேதான் சொன்னாள். அந்த மனுஷர் எழுந்து நின்று, அவள் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார்!

பிறகு அரிசி வரும். அத்தைக்கு எல்லாமே அரிசிதான். "வாழ்க்கைங்கறது சோறு ஆக்கற மாதிரி, கண்ணு. தண்ணி விரலோட முதல் கணு வரைக்கும்தான் நிக்கணும். கூடினா குழையும், குறைஞ்சா அடிபிடிக்கும்." புருஷன் குடித்தாலும் முதல் கணுதான், மாமியார் திட்டினாலும் முதல் கணுதான், மகன் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் முதல் கணுதான். அத்தை ஆயுளில் ஒருமுறைகூடச் சோறு ஆக்கியதில்லை. அவள் தங்கை பாசிங் ஆக்குவாள். மின்சார அடுப்பில், கோடு போட்ட பாத்திரத்தில், விரலே வைக்காமல்.

கடிதம் எழுதுகிறவர்களின் மானத்தைக் காப்பாற்றுவதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. உண்மைப் பெயரைச் சொல்லமாட்டோம். "இவளை நாம ரோஸ்ங்கற பேர்ல ஒளிச்சு வைப்போம்" என்பாள் அத்தை, ரொம்ப ரகசியமாக. அப்புறம், ரோஸ் இருக்கிற ஊர் சான் மத்தேயோ என்பாள். வீடு கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்து என்பாள். ரோஸின் புருஷன் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான், அவனுக்கு இடது காலில் ஆறு விரல் என்பாள். இதற்குப் பிறகும் ரோஸ் யாரென்று அந்தச் சந்தில் யாருக்காவது தெரியாமல் போனால் அவர்கள் வீட்டில் டிவி இல்லை என்று அர்த்தம்.

இந்த ஜீவன் எப்படி உருவாகிறது? யாரும் பிறக்கும்போதே தலையைச் சாய்த்துக்கொண்டு பிறப்பதில்லை. அத்தை இருபத்துநாலு வயதில் ஒரு படக்கதை வாரப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவளாக இருந்தாள். அதில் 'சிஸ்டர் கன்சோலாசியோன் பதில்கள்' என்று ஒரு பக்கம் வரும். சிஸ்டர் கன்சோலாசியோனுக்குப் பெரிய மீசை. அதற்கு முன் குதிரைப் பந்தயத்துக்குத் துப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர். எந்தக் குதிரையும் அவர் பேச்சைக் கேட்காததால் மனுஷர்கள் பக்கம் வந்தவர். ஒரு வாரம் அவர் காமாலையில் படுத்துவிட, "யாராவது அந்தப் பக்கத்தை ரொப்புங்கப்பா" என்று ஆசிரியர் கூவ, கையில் சிவப்புப் பேனாவோடு நின்றிருந்த லோலெங் ரொப்பினாள். பதில்களையும் அவளே எழுதினாள், அந்த வாரம் கடிதம் வராததால் கேள்விகளையும் அவளே எழுதினாள். சொந்தக் கேள்விக்குச் சொந்தமாகப் பதில் சொல்லிப் பார்த்தவளுக்கு அதன் ருசி போகுமா? மீசைக்காரர் குணமாகித் திரும்பி வந்தபோது நாற்காலி போய்விட்டிருந்தது. அங்கிருந்து வானொலி. வானொலியிலிருந்து டிவி.

அவளுக்கும் ஒரு கல்யாணம் நிச்சயமாகித்தான் இருந்தது. மாப்பிள்ளை நல்லவர், கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். சரி சொல்வதா வேண்டாமா என்று லோலெங் ஏழு பேரிடம் யோசனை கேட்டாள். ஏழு பேரும் ஏழு விதமாகச் சொன்னார்கள். எட்டாவது ஆளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷர் செபூத் தீவில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டார். இதை அத்தை யாரிடமும் சொல்லமாட்டாள். எனக்குச் சொன்னது பாசிங்.

இனி, பதில்கள் எங்கிருந்து வருகின்றன என்கிற விஷயம். ஞானத்திலிருந்து என்று நினைத்திருப்பீர்கள். பாவம்! ஏழு வருஷம் முன்னால் ஒரு சலவை சோப்புக் கம்பெனி எங்கள் ஸ்பான்சர். சோப்புக் கம்பெனிக்கு வீடு நிறைய ஆள் வேண்டும், ஆள் நிறைய அழுக்குத் துணி வேண்டும். அந்த ஒன்றரை வருஷமும் அத்தை யாரையும் பிரியவிடவில்லை. 'பொறுத்துக்கோ கண்ணு, கறை நல்லது இல்லன்னாலும் போகக்கூடியதுதான்.' நாலு வருஷம் முன்னால் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் கம்பெனி ஒன்று வந்தது. உடனே அத்தைக்கு வெளிநாடு பிடித்துப்போயிற்று. குவைத்துக்குப் போ, சிங்கப்பூருக்குப் போ, பிள்ளைகள் பிற்காலத்தில் புரிந்துகொள்ளும். அதன்பின் மூட்டுவலித் தைலம். அப்போது நாட்டில் இருந்த வயசான தாய் தகப்பன்மார் அத்தனை பேர் முழங்காலும் அத்தையின் கண்ணை உறுத்தின. 'காசு என்ன பெரிய காசு, ஊருக்குத் திரும்பி வாம்மா, பெரியவங்களைப் பாரு.' அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தை பொய் சொல்லத் தெரியாதவள். சோப்பு வந்தால் சோப்பை நம்புவாள், தைலம் வந்தால் தைலத்தை நம்புவாள், மனசார நம்புவாள், நம்பி அழுவாள். அதற்கேற்ற கடிதமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பது யார்? அதைத்தான் முன்னமே சொன்னேனே.

இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்பீர்கள். நானும் பதினெட்டு வருஷம் அந்தத் தைரியத்தில்தான் தூங்கினேன். ஏனென்றால் இந்தத் தொழில் ஒரே ஒரு தூணில் நிற்கிறது: சொல்வதை யாரும் கேட்பதில்லை. ஆலோசனை கேட்க வருகிறவன் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு வருகிறான். நாம் அதையே சொன்னால், 'லோலெங் அத்தையே சொல்லிட்டாங்க' என்று ஊரெல்லாம் சொல்வான். மாற்றிச் சொன்னால், 'அவளுக்கு என்ன தெரியும், கல்யாணமே ஆகாதவ' என்று சொல்லிவிட்டு, தான் நினைத்ததைச் செய்வான். இரண்டிலும் நமக்குப் பாவம் இல்லை. அத்தை சொன்னதைக் கேட்டு அப்படியே நடந்தவள் என்று ஒரு பிறவி இருக்கமுடியும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

அந்தப் பிறவி ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அத்தை வீட்டுக்கே வந்தது.

அதற்கு முன் நினாங் விவகாரத்தைச் சொல்லவேண்டும். பிப்ரவரி பதினாலாம் தேதி வந்தால் எங்கள் ஸ்டுடியோவிலேயே கும்பலாகக் கல்யாணம் நடக்கும். இங்கே கல்யாணம் செய்துகொள்ள வழி பிறப்பதற்குள் பல பேருக்குப் பிள்ளையே பிறந்துவிடும். அப்படி ஒன்றாக வாழ்ந்து, சண்டை போட்டு, நிகழ்ச்சிக்கு வந்து சமாதானமான ஜோடிகளுக்கெல்லாம் மேயரைக் கூப்பிட்டு முடிச்சுப் போட்டுவிடுவோம். எல்லாருக்கும் நினாங் லோலெங் அத்தை. நினாங் என்றால் கல்யாணத்துக்கு ஞானத்தாய். கையெழுத்துப் போட்டுவிட்டு, விருந்து நூடுல்ஸைத் தின்றுவிட்டுப் போகிற சாட்சி அல்ல. அந்த ஜோடிக்குள் என்றைக்குத் தகராறு வந்தாலும் அவர்கள் வந்து தட்டவேண்டிய கதவு நினாங்குடையது; திறக்கவேண்டியது அவள் கடமை. விவாகரத்துக்குச் சட்டமே இல்லாத எங்கள் நாட்டில் அந்தக் கதவு என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புத்தியுள்ளவர்கள் இரண்டு மூன்று ஜோடிக்கு மேல் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அத்தை இருநூற்றுப் பதின்மூன்று ஜோடிக்கு நினாங். ஒரு ஜோடியின் முகமும் ஞாபகம் இல்லை.

மரிகினாவில் அவள் வீடு இருக்கும் குடியிருப்பின் வாசலில் காவல்காரன் உண்டு. யாரையும் விடமாட்டான். அன்று விட்டுவிட்டான். ஏன் விட்டாய் என்று பிறகு கேட்டேன்.

"தினமும் டிவியில அவங்கதானே சார் சொல்றாங்க, 'என் வீட்டுக் கதவு உங்களுக்கு எப்பவும் திறந்திருக்கும்'னு. அந்தப் பொண்ணு அதை அப்படியே ஒப்பிச்சா. நான் எப்படி முடியாதுங்கறது?"

சனிக்கிழமைகளில் கடிதம் பிரிக்க நான் அங்கே போவது வழக்கம். பாசிங் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். ஒரு கையில் வாழையிலையில் கட்டிய இனிப்புச் சோற்றுக் கட்டு, இன்னொரு கையில் பள்ளிக்கூட நோட்டு. நேராக வந்து அத்தையின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க, நினாங்."

"அடடே, வா கண்ணு! பாத்து எவ்வளவு நாளாச்சு!" என்ற அத்தை, யார் இது என்று கண்ணாலேயே என்னைக் கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"ஆறு வருஷம் ஆச்சு நினாங். நான் லிகாயா. சான் மத்தேயோ. நாங்க நாப்பத்தோராவது ஜோடி. கேக்கு எங்க வரிசைக்கு வர்றதுக்குள்ள தீந்துபோச்சு."

"ஐயோ, கேக்கு தீந்துடுச்சா?"

"பரவால்ல நினாங். என்னை ரோஸ்னு ஒளிச்சு வெச்சீங்க. எர்னிங், ஆறு விரல்."

எனக்கு ஞாபகம் வந்தது. என் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

லிகாயா நோட்டைப் பிரித்தாள். உள்ளே தேதி போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடு இழுத்து, மணி மணியாக எழுத்து. "இது நான் மொத தடவை எழுதுனப்ப நீங்க சொன்னது. எர்னிங் குடிக்கிறாரு, எங்கம்மா வீட்டுக்குப் போயிடவான்னு கேட்டேன். 'பொறுத்துக்கோ, அவன் சட்டையைத் தோய்ச்சுப் போடு, மனசும் வெளுக்கும்'னீங்க. பொறுத்துக்கிட்டேன். தோய்ச்சேன். ஒரு வருஷத்துல குடியை விட்டுட்டாரு நினாங், நெசமாவே விட்டுட்டாரு!"

அத்தையின் முகம் மலர்ந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் முதன்முதலாகத் தன் மருந்து வேலை செய்ததைப் பார்க்கிறாள், பாவம்.

"ரெண்டாவது இது. பாப்பாவுக்கு ஒரு வயசு. வண்டி ஓட்டுறதுல ஒண்ணும் மிஞ்சல, குவைத்துக்குப் போகவான்னு கேட்டேன். 'போ. இப்ப அழுவா, பின்னால புரிஞ்சுக்குவா'ன்னீங்க. போனேன். மூணாவது, அங்கிருந்து எழுதுனது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, ஊர்ல மாமியாருக்கு மூட்டு வலி, என்ன செய்யன்னு கேட்டேன். 'காசு என்ன பெரிய காசு, வா'ன்னீங்க. வந்துட்டேன். வந்தப்ப பாப்பா, 'யாரும்மா நீங்க'ன்னு கேட்டா." நோட்டை மூடினாள். "உங்க பேச்சுல ஒரு வார்த்தை நான் தட்டல, நினாங். இப்ப ஹாங்காங்ல வேலை வந்திருக்கு. ரெண்டு வருஷம். இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஏஜென்சியில கையெழுத்துப் போடணும், இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. கடுதாசி போட்டா பதில் வர நாளாகும்னுதான் நேர்லயே வந்துட்டேன். போகவா, இருக்கவா?"

சொல்லிவிட்டுப் பேனா மூடியைக் கழற்றி, எழுதுவதற்குத் தயாராக உட்கார்ந்தாள்.

அத்தை தலையை இடது பக்கம் சாய்த்தாள். கையை நெஞ்சில் வைத்தாள். பெருமூச்சும் வந்தது. அதற்கு அப்புறம் வரவேண்டியது விளம்பர இடைவேளை. வீட்டில் ஏது இடைவேளை? கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் மனசு என்ன சொல்லுது, கண்ணு?"

"என் மனசு சொல்றதைக் கேக்கறதா இருந்தா உங்ககிட்ட எதுக்கு நினாங் வர்றேன்?"

"வாழ்க்கைங்கறது சோறு ஆக்கற மாதிரி..."

"முதல் கணு. அதை எழுதி வெச்சிருக்கேன், நினாங். பதினோரு தடவை இருக்கு."

அத்தை எழுந்து, "தண்ணி கொண்டு வர்றேன்" என்று சமையலறைக்குள் போனாள். போகிறபோதே என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"டேய் ஹெர்மி, இப்ப நமக்கு ஸ்பான்சர் யாருடா?"

"யாருமில்ல அத்தை. தைலக்காரன் போன மாசமே கழண்டுட்டான். பேச்சு நடக்குது. ஒரு பக்கம் குழந்தைங்க சத்துமாவு, இன்னொரு பக்கம் விமான டிக்கெட் கம்பெனி."

"எது முடியும்போல இருக்கு?"

"தெரியல அத்தை."

"அய்யோ, அதுதாண்டா எனக்கும் தெரியல!" அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. இருபது அடி தூரத்தில் ஒருத்தி பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள். இவள் என்ன சொன்னாலும் செய்வாள். 'ஆற்றில் குதி' என்றால் எந்தப் பாலத்திலிருந்து என்றுதான் கேட்பாள்.

பாசிங் கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்: "ஏண்டி, முப்பது வருஷமா நீ சொல்றதுக்கெல்லாம் எதிரா செஞ்சுதான் நான் நல்லா இருக்கேன். அதையாவது அந்தப் பொண்ணுக்குச் சொல்லேன்."

அத்தை தண்ணீர் எடுக்க மறந்து வெறும் கையோடு திரும்பி வந்தாள். லிகாயாவின் எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

லிகாயா தலையை ஆட்டி, நோட்டில் எழுதத் தொடங்கினாள். "எனக்கு... தெரியாது..." பிறகு நிமிர்ந்தாள். "தெரியாதுன்னா கையெழுத்துப் போடறதா, வேண்டாமா நினாங்?"

"தெரியாதுன்னா தெரியாதுதாம்மா. நெசமாவே தெரியல."

அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் உறைத்தது. பேனாவைக் கீழே வைத்தாள். குரல் மாறிவிட்டது.

"அப்ப அன்னிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அத்தை இனிப்புச் சோற்றுக் கட்டின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள்.

"பாப்பா பால் குடிச்சிட்டிருந்தா. மார்ல பால் கட்டிக்கிட்டு பிளேன்ல அழுதுக்கிட்டே போனேன். அன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுதே! மூணே நிமிஷத்துல தெரிஞ்சுதே! இப்ப மட்டும் ஏன் தெரியல?"

அந்தக் கடிதத்தைக் குவியலிலிருந்து எடுத்தவன் நான். பணம் அனுப்பும் கம்பெனிக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று மேலே பச்சை மையில் டிக் அடித்தவன் நான். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, வெளியே போகவும் கால் வரவில்லை.

லிகாயா அழுதாள். டிவியில் அழுவதுபோல் இல்லை, மூக்கெல்லாம் ஒழுகியது. வீட்டில் சரிகைச் சட்டை போட்ட காகிதப் பெட்டி இல்லை. பாசிங் ஓடிவந்து, கையிலிருந்த அடுப்படித் துணியைக் கொடுத்தாள். கருவாட்டு நாற்றம் அடித்த அந்தத் துணியில்தான் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அழுகைச் சத்தம் கேட்டு எர்னிங் உள்ளே வந்தான். வெளியே கேட்டருகே வண்டியில் காத்திருந்தவன்; தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். இடுப்பில் ஐந்து வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் செருப்பில் ஆறு விரல். அவனும் அத்தையின் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளத் தவறவில்லை.

"நினாங் என்ன சொன்னாங்க?" என்றான்.

"தெரியாதாம்."

எர்னிங் லிகாயாவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சிரித்துவிட்டான். "நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது?"

"எங்க வீட்ல எப்பவும் மூணு பேரு, நினாங். தப்பா நெனைக்காதீங்க. அவ, நானு, நீங்க. குடியை நான் விட்டப்பகூட, 'நினாங் சொன்னது பலிச்சிடுச்சு'ன்னுதான் சொன்னா. நான் விட்டேன்னு ஒருநாளும் சொன்னதில்ல." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். "நானும் யோக்கியன் இல்ல. ஆறு வருஷத்துல 'உனக்கு என்ன தோணுது'ன்னு இவளை நான் ஒரு தடவை கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். என்ன தோணுது, லிகாயா?"

அவள் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பாசிங் அடுப்பை அணைத்தாள். மணி பதினொன்றேகால். அந்த வீட்டில் ஒரு கேள்விக்கு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"எனக்குப் போகப் பிடிக்கல," என்றாள். "கொஞ்சம்கூடப் பிடிக்கல. ஆனா ஆத்துத் தண்ணி ஏறுறப்பல்லாம் இவளை அலமாரி மேல படுக்க வெக்கிறோம். போன தடவை அலமாரியே மெதந்துச்சு. மேல ஒரு தளம் போட்டே ஆகணும். வண்டி ஓட்டிப் போட முடியாது. நான் போறேன். ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஒருநாள் இருக்கமாட்டேன். இதை எனக்கு யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

"சரி," என்றான் எர்னிங். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா, நேரமாச்சு," என்றான்.

அவர்கள் கேட்டைத் தாண்டும்போது அத்தை வாசல்வரை ஓடினாள். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? "ஸ்வெட்டர் எடுத்துக்கோ கண்ணு! அங்க டிசம்பர்ல குளிரும்!" என்று கத்தினாள். லிகாயா வண்டியிலிருந்து கையை ஆட்டினாள்.

அவர்கள் போனபின் அத்தை சாப்பிடவில்லை. சாயங்காலம் வரை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மனுஷி திருந்திவிட்டாள், நிகழ்ச்சியை விட்டுவிடப் போகிறாள், எனக்கு வேலை போகப்போகிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் இன்னும் எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம்.

திங்கட்கிழமை மதியம் அத்தை ரோஸ் நிற சோபாவில் உட்கார்ந்தாள். தலை இடது பக்கம் சாய்ந்தது. "போன சனிக்கிழமை ஒரு பொண்ணு என் வீட்டுக் கதவைத் தட்டினா. அவளை நாம லஸ்ங்கற பேர்ல ஒளிச்சு வைப்போம். போகவா இருக்கவான்னு கேட்டா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன்..." இங்கே நாலு விநாடி. "'எனக்குத் தெரியாது, மகளே. பதில் உனக்குள்ளதான் இருக்கு.'" ஸ்டுடியோவில் இருந்த பெண்கள் எல்லாரும் விசும்பினார்கள். கேமராக்காரன் மூக்கை உறிஞ்சினான். புதன்கிழமை விமான டிக்கெட் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. இப்போது 'எனக்குத் தெரியாது, மகளே' என்று அச்சடித்த பனியன் சந்தையில் கிடைக்கிறது. மூன்று அளவு, இரண்டு நிறம். அத்தை தினமும் ஆறு பேரிடமாவது தனக்குத் தெரியாது என்கிறாள். சொல்லிவிட்டு, என்ன செய்யவேண்டும் என்று பதினைந்து நிமிஷம் விளக்குகிறாள்.

லிகாயா அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை விமானம் ஏறினாள். நான் போய் நின்றேன், அழைக்காமல்தான் போனேன். விமான நிலையக் கண்ணாடிக்கு வெளியே எர்னிங்கின் தோளில் உட்கார்ந்துகொண்டு குழந்தை கைகாட்டியது. லிகாயா மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது உண்மையைச் சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையை மறுபடியும் விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது என்று நினைத்தீர்களா, இல்லையா? அல்லது, போனதுதான் சரி, தலைக்கு மேல் தளம் வேண்டாமா என்று தலையை ஆட்டினீர்களா? அல்லது அந்த எர்னிங் போயிருக்கலாமே, மேட்டுப்பாங்கான தெருவில் வாடகைக்குப் பார்த்திருக்கலாமே, மாமியார் வீட்டில் ஆறுமாதம் இருந்திருக்கலாமே என்று மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதற்கு இந்தத் தாளைத் தாழ்த்தினீர்களா? அந்தப் பெண் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?

எங்கள் நிலையத்தில் காலை ஏழு மணிக்கும் இப்படி ஒரு ஆலோசனை நிகழ்ச்சி தொடங்கப் போகிறார்கள். அனுபவம் எதுவும் தேவையில்லையாம். உங்கள் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.